மாப்பிள்ளை வண்டியில் ஒட்டிய பொட்டு

இன்று காலை மண்ணூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அமெரிக்கக் கம்பெனி கார் வந்து நின்றது. அதன் கதவில் என் நெற்றிப் பொட்டு ஒட்டியிருந்தது!

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். லைனில் வரும் காரைத் தடவிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் வட்டமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. குறையைச் சரிசெய்யும் ரீவொர்க் முடிந்ததும் ஒட்டியவரே பார்த்துத்தான் அந்த ஸ்டிக்கரை எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

(இந்த விதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஞாயிறன்று வடக்குப்பட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் நைட் ஷிஃப்ட் போகிற பெண் வேண்டாம் என்று பஜ்ஜியை மட்டும் முடித்துவிட்டுப் போனவர்கள். அதனால் அம்மா காலையிலேயே கண்டிஷன் போட்டுவிட்டாள்.

"இன்னா வண்டில வந்தாலும் நீ கண்டுக்காத. போன தபா வந்தவங்க கார் பம்பரத் தட்டிப் பாத்துகினு நின்ன."

மாப்பிள்ளை, மூடிப்போன அந்த அமெரிக்கக் கம்பெனியில் கதவு மாட்டும் லைனில் இருந்தவர். இப்போது ஒரகடத்தில் வேறு வேலை. ஆனால் வந்த வண்டி பழைய கம்பெனியுடையதுதான், பின்னால் ஸ்டெப்னி தொங்கும் மாடல்.

தனியாகப் பேசச் சொன்னார்கள். வாசலில் வண்டிப் பக்கத்தில் நின்றோம். பிடித்த சாப்பாடு எது என்று கேட்பார் என நினைத்தேன். மனிதர் அந்தக் கம்பெனி விட்ட மாடல்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

முதலில் வந்தது டிக்கி வைத்த காராம், அதை ஓட்டிப் பழகியவன் வேறு வண்டியைத் தொடமாட்டானாம். அப்புறம் ஒரு சின்னக் கார், ஊரெல்லாம் ஓடியது அதுதானாம். அதே சின்னக் காருக்கு டிக்கி வைத்து இன்னொன்று. பெரிய குடும்பத்துக்கு யானை சைஸில் ஒன்று, அதைத் திருப்ப எங்கள் தெரு பத்தாதாம்.

"எல்லாத்துலயும் ஒஸ்தி இதாங்க. கதவு சாத்துற சவுண்டே சொல்லும்," என்று முன்கதவைச் சாத்திக் காட்டினார். சாத்திய கதவை ஒருதரம் தடவிக் கொடுத்தார்.

அந்த இடத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அதே இடத்தில்தான் பின்கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருந்த இடைவெளியும் கண்ணில் பட்டது. மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு!

விரல் தானாகப் போனது. இன்னொரு கை ஸ்டிக்கரைத் தேடியது. பட்டுப்புடவையில் ஏது ஸ்டிக்கர்? நெற்றியில் இருந்ததை எடுத்து ஒட்டிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அது எங்க லைன்ல மாட்னது இல்லீங்க. லாரி இட்ச்சி, வெளிய வேற கதவு போட்டது."

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். வெறும் நெற்றியோடு போய் நின்றேன். அவர் அம்மா என்னையே பார்த்தார். என் அம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். பொட்டும் வண்டியோடு போய்விட்டது.

வாரம் முழுக்க ஒரு போன் இல்லை. மனசுக்குப் பிடித்தவரை ஒரு கதவு இடைவெளிக்காகத் தொலைத்துவிட்டேனே என்று கம்பெனி பஸ்ஸில் அழுதேன்.

(பஸ் ஜன்னல் ஓரத்து ரப்பர் பீடிங்கும் சரியில்லை. அதையும் கவனித்தேன்.)

இன்று காலை மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்து இறங்கினார். வண்டி பளிச்சென்று கழுவியிருந்தது. பொட்டைச் சுற்றி மட்டும் தூசி வட்டமாக அப்படியே இருந்தது.

"ரீவொர்க் முட்ச்சிட்டேங்க. செக் பண்ணிட்டு நீங்களே எட்த்துக்குங்க. நான் கை வெக்கல."

விரலை ஓட்டிப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் ஒரே அளவு. பொட்டை எடுக்கும்போது கண் கலங்கிவிட்டது.

அவர் அம்மா கைப்பையிலிருந்து ஒரு புதுப் பொட்டு அட்டையை எடுத்து நீட்டினார்.

"இத நெத்தில வெச்சிக்கமா. வண்டிக்கு வேணும்னா தனியா வாங்கிக்க."

தை மாதம் கல்யாணம்!

ஸ்டெப்னி பின்னால் தொங்கும் அந்த மாடல் வைத்திருக்கும் நண்பர்களே, அதற்குக் கதவு பீடிங் எங்கே கிடைக்கும்? சீர்வரிசைத் தட்டில் வைக்க அப்பா கேட்கிறார்.