மைக் விற்பவளின் கோபங்கள்

மைக்கும் ஸ்பீக்கரும் விற்கிறவர்களுக்குச் சீக்கிரம் ரத்தக் கொதிப்பு வந்துவிடும். காரைக்காலில் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, எனக்கும் வந்துவிட்டது. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

யார் வருவாங்க?

குரும்பகரத்துக்காரர் ஒருவர், தன் பாட்டுக் குழுவுக்கு மிக்ஸர் கேட்டு வந்தார். எத்தனை பேர் பாடுவார்கள், என்னென்ன வாத்தியம் என்று நான் கேட்கக் கேட்க, என் தலைக்கு மேலே கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மைக் செருகுகிற மிக்ஸரே போதும் என்று எடுத்து வைத்து, ஒவ்வொரு குமிழாகத் திருகிக் காட்டினேன். அரைமணி நேரம் தலையாட்டிவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரிம்மா, விஷயம் தெரிஞ்ச ஆம்பளை யாராச்சும் எப்ப வருவாங்க?"

ஆள் உயரப் பெட்டி

வரிச்சிக்குடிப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கல்யாண மண்டபம். சின்ன ஸ்பீக்கர் நாலு வாங்கித் தள்ளித் தள்ளி வையுங்கள், பெரிதாக வைத்தால் சத்தம் கூரையில் முட்டித் திரும்பும் என்று உரிமையாளரிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கிப் போனார்.

முதல் கச்சேரியிலேயே ஜனங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்களாம். மறுநாள் காலையில் கடை வாசலில் வந்து நின்று கத்தினார்:

"சத்தம் வருதுங்க, பாட்டுதான் வரல! நீங்க முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

வாப்பாவின் பாட்டு

இது ஆறாத கோபம். துபாயிலிருந்து லீவில் வந்தவர். அவருடைய வாப்பாவுக்கு மறுவாரம் தொண்டையில் ஆபரேஷன். அதன்பிறகு குரல் இருக்காதாம். அதற்குள் அவர் பாட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும். போனில் பார்த்த ஸ்டுடியோ மைக்கைக் காட்டி அதையே கேட்டார்.

"வீடு ரோட்டோரம்னா அது வேணாங்க, தெருச் சத்தத்தையெல்லாம் இழுத்துக்கும். மேடையில பாடுற சாதா மைக்கை வாய்க்கிட்ட வச்சாப் போதும்" என்றேன். கேட்கவில்லை.

நாலு நாள் கழித்துப் பதிவோடு வந்தார். ஃபேன் சத்தம், பஸ் ஹாரன், மீன்காரம்மா கூவுவது எல்லாம் துல்லியம். வாப்பா மட்டும் எங்கோ தூரத்தில். நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பாடவைத்ததில் பெரியவருக்குத் தொண்டையும் கம்மியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையைப் பூட்டிவிட்டு சாதா மைக்கோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்துப் போர்வை தொங்கவிட்டேன். பெரியவர் வேர்க்க வேர்க்க மூன்று பாட்டுப் பாடினார். நாலாவது பாதியில் குரல் நின்றுவிட்டது.

ஹெட்போனில் கேட்டு முடித்து, மகனைப் பார்த்துக் கரகரத்துச் சொன்னார்:

"இந்தப் புள்ள சொன்னத அன்னைக்கே கேட்டிருந்தா, எட்டுப் பாட்டு இருந்துச்சுடா எங்கிட்ட."

கண்ணால் பார்த்து வாங்கிப் போகிறார்கள், காதால் கேட்ட பிறகு என்னைத் திட்ட வருகிறார்கள்.