ஆறு வருடம் தேடிய தகடு

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில் ஒரு காயலான் கடையில்தான் அவரைப் பார்ப்பேன். நான் ஸ்கூட்டர் சாமானுக்குப் போவேன். அவர் பழைய துப்பாக்கிச் சாமானுக்கு வருவார். அங்கே ஒரு தொழிற்சாலையில் தயாரான பொருள்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, பையில் ஒரு லென்ஸ். எந்த இரும்பைத் தொட்டாலும் துடைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைப்பார்.

அவரிடம் லைசென்ஸோடு ஒரு பழைய சீமைத் துப்பாக்கி இருந்தது. குழல்மேல் குறி பார்ப்பதற்கான சின்னத் தகடு மட்டும் அதில் இல்லை. அதே வகைத் தகட்டுக்காக ஆறு வருடம் அலைந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் அவரைக் கூப்பிட்டார். "சார், நீ கேட்ட ஐட்டம் வந்துகீது. இதானா பாரு."

லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதேதான் என்று தலையை ஆட்டினார்.

"இனிமே குறி பார்த்துச் சுடலாம்" என்றேன்.

"சுடறதா? வயசாச்சு தம்பி. நாளைக்கு ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறேன். தகடு கிடைக்கலைன்னுதான் வருஷா வருஷம் தள்ளிப்போட்டேன்."

"ஒப்படைக்கறதுக்கா இவ்வளவு தேடினீங்க? அவங்க உருக்கிடுவாங்களே."

"உருக்கட்டும். குறையோட எந்தப் பொருளையும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினதில்லை."

தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று நான் வாங்கிய ஸ்கூட்டர் கண்ணாடியின் மூலையில் ஒரு விரிசல் இருந்தது. அதோடுதான் எட்டு வருடம் ஓட்டினேன். பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விரிசலையும் பார்த்தேன்.