மூடியில்லாத சூப்புச் சட்டி

சனிக்கிழமை நண்பகலில் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். போன வாரம் அது ஊதியபோது அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. என் கை தானாகப் போய் பாத்திரத்தை மூடியது. உடன் தங்கியிருக்கும் நண்பன், "சைரனுக்கும் சாம்பாருக்கும் என்னடா சம்பந்தம்?" என்று சிரித்தான். சம்பந்தம் இருக்கிறது. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் மியூனிக்கை அடுத்த கார்ஹிங்கில் படிக்க வந்த புதிதில், ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. கணவரை அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அண்ணைக்கு உணவகத்தில் வேலை, அக்காவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில். ஆறு வயதில் ஒரு மகள். சின்னவள் என்று கூப்பிடுவார்கள். நடக்கவே தெரியாத பிள்ளை, எங்கு போனாலும் குதித்துக்கொண்டுதான் போவாள். அந்தக் குதிப்பால்தான் வினை வந்தது. கீழ்வீட்டில் தனியாக இருந்த ஃபிராவ் லாங் என்ற வயதான அம்மாள் புகார் சொல்ல, வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே, இன்னொரு முறை புகார் வந்தால் நீங்கள் காலி செய்ய வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். மியூனிக் பக்கம் வீடு தேடியவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் சத்தமே ஆகாது, ஆணிகூட அடிக்கக் கூடாது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ பார்ப்போம். அக்காவின் தங்கை லண்டன் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து அனுப்பிய கேசட்டுகள். உலகப் போர்க் காலத்து ஆங்கிலேயச் சிறு நகரம் ஒன்றைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். கதாநாயகன் ஒரு மேஜர். அவரை எங்கள் வீட்டில் யாரும் கண்டுகொள்வதில்லை. அக்கா காத்திருப்பது சமையல்காரனுக்காக. தொளதொளத்த தொப்பி போட்ட ஒல்லி மனிதன். ஒரு பகுதிக்கு இரண்டு நிமிடம்தான் வருவான். சைரன் ஊதும், எல்லோரும் பதுங்கு குழிக்கு ஓடுவார்கள், அவன் மட்டும் சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தளும்பத் தளும்ப ஓடுவான்.

ஊரில் என் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எதையும் புத்தகத்தில் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. நூலகத்தில் குறிப்பெடுத்து வந்து, விமானத் தாக்குதல் என்றால் என்ன என்று அந்த இருவருக்கும் விளக்கியிருக்கிறேன். அவர்களும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு அக்கா கேட்டார்: "தம்பி, நீர் படிச்சனீர். சட்டியைத் தூக்கினவனுக்கு மூடியையும் தூக்க ஏலாதோ? பங்கருக்குள்ள மண் கொட்டுமெல்லே."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் மூடி இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் கேசட்டில் பேச்சு மெல்லக் கேட்டதால் அண்ணை சத்தத்தைக் கூட்டி வைத்தார். அந்நேரம் பார்த்து சைரன் வீடெல்லாம் அலறியது. அடுத்த நிமிடம் அழைப்பு மணி. ஃபிராவ் லாங். முகம் வெளுத்திருந்தது. அண்ணை ஜெர்மனில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நான் குறுக்கே புகுந்து, இது வெறும் நகைச்சுவைத் தொடர் என்று இலக்கண சுத்தமாக விளக்கினேன். அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சமையல்காரன் சட்டியோடு ஓடிக்கொண்டிருந்தான்.

"டெக்கல்," என்றார் மெதுவாக.

அக்கா நிமிர்ந்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் தினமும் புழங்கும் சொல். "மூடியைத்தான் கேக்கிறா," என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஃபிராவ் லாங் உட்கார்ந்தார். குண்டு விழும்போது நிலவறைக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிருமாம். சிறு வயதில் ஒருநாள் அவர் மூடியை மறந்து ஓடியதில் அன்றைக்கு முழுக் குடும்பமும் பட்டினி. அண்ணை மொழிபெயர்க்க, அக்கா தலையாட்டினார். "எங்களுக்கு ஆர் சைரன் ஊதினது? குண்டு போட வாற பொம்மர் இரைச்சல்தான். ஆனா மூடி மறக்கிறேல்ல."

அவர் கிளம்பும்போது அண்ணை தயங்கித் தயங்கி, வீட்டுக்காரரிடம் சொல்வீர்களா என்று கேட்டார். ஃபிராவ் லாங் யோசித்துவிட்டு, இனி சைரன் வரும்போது சத்தத்தை அடைத்துவிடுங்கள் என்றார். இரண்டு படி இறங்கியவர் திரும்பி, சமையல்காரன் வருவதற்கு முன்னால் மட்டும் தனக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

யார் இறங்கிப் போய்ச் சொல்வது? அந்த வேலை சின்னவளுக்குப் போனது. அண்ணை சத்தத்தை அடைத்ததும் அவள் நடுக்கூடத்தில் நின்று தொம் தொம் என்று குதிப்பாள். ஃபிராவ் லாங் கேக்குத் தட்டோடு படியேறி வருவார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு மொழியில் அந்த ஒல்லி மனிதனைத் திட்டுவார்கள். "பேயன், இண்டைக்கும் விட்டிட்டு ஓடுறான்" என்பார் அக்கா.

பிறகு அண்ணை குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது. ஃபிராவ் லாங் முதியோர் இல்லத்துக்குப் போய், அங்கேயே காலமானார். அந்தத் தொடர் இப்போது குறுந்தட்டில் கிடைக்கிறது. வாங்கிவந்து ஒருமுறை போட்டேன். படம் துல்லியமாக இருந்தது. அவன் ஓடினான். திட்ட ஆளில்லாமல் பாதியில் நிறுத்திவிட்டேன்.

போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனேன். அழைப்பு மணிகளில் எல்லாம் புதுப் பெயர்கள். மேல்மாடியில் ஏதோ ஒரு குழந்தை தொம் தொம் என்று குதித்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் நின்றேன். கீழ்வீட்டுக் கதவு திறக்கவில்லை.