அவருடைய போன் வாசிக்காத பூசை நேரம்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம், டோர்ட்மண்டில் நடந்தது இது. எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சமூகத்தின் இணையப் பக்கத்தை நான்தான் கவனித்து வந்தேன். ஓய்வுபெற்ற பொறியியலாளர் என்பதால் என் வேலையில் ஒருவரும் குறை சொல்வதில்லை.

பார்வையிழந்த ஒரு பெண்மணி ஒருநாள் அழைத்தார். எழுத்தை உரத்து வாசிக்கும் வசதியை வைத்துத்தான் அவர் போனைப் பயன்படுத்துகிறார்.

“அண்ணை, உங்கட பக்கத்தை என்ர போன் வாசிக்குதில்லை. ஒருக்காப் பாருங்கோ.”

“எங்களுக்கு வடிவாத் தெரியுதே. மகளைக் கொண்டு வாசிப்பியுங்கோ.” அவ்வளவுதான், வைத்துவிட்டேன்.

அந்த மாதம் மாலைப் பூசை காலைக்கு மாறியது. அதைப் பக்கத்தில் மட்டும் போட்டேன். மகள் வெளியூரில் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. மாலையில் தனியாக வந்து, பூட்டிய கோவில் கதவைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறார். அன்று அவருடைய கணவரின் முதலாம் ஆண்டு நினைவு. காலைப் பூசையில் கணவரின் பெயர் வாசிக்கப்பட்டபோது நான் முன்வரிசையில் இருந்தேன். அவரைக் காணவில்லையே என்றுகூட நினைக்கவில்லை.

விஷயம் தெரிந்து வீட்டுக்குப் போனேன். அவர் கோபிக்கவில்லை. போனை என் காதருகே பிடித்தார். ‘பூசை’ என்று நான் எழுதிய இடத்தில் அது “ஜி, பிளஸ், ஐ, ஆர்” என்றது.

“இது எந்த ஊர்ப் பாஷை அண்ணை?”

நம்மவர் பலரைப் போல நானும் பழைய பாமினி எழுத்திலேயே தட்டச்சுச் செய்பவன். கண்ணுக்குத்தான் அது தமிழ். உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகள். படித்த எனக்கு அது தெரியாததல்ல. யாருக்கு இடைஞ்சல் என்று இருந்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன்.

“அது கிடக்கட்டும். இஞ்ச ‘பொத்தான், பொத்தான்’ எண்டுதான் சொல்லுது. என்ன பொத்தான் எண்டு நான் சாத்திரம் பாக்கிறதோ? முதல் அதுக்கொரு பேர் வையுங்கோ.”

பிறகு பல சனிக்கிழமைகள் அவர் வீட்டிலேயே வேலை நடந்தது. எல்லாவற்றையும் போன் வாசிக்கக்கூடிய யூனிகோடு எழுத்துக்கு மாற்றினேன், பொத்தான்களுக்குப் பேர் வைத்தேன், படங்களுக்கு விளக்கம் எழுதினேன். ஒவ்வொன்றையும் அவர் கேட்டுப் பார்த்து, “ஏலாது அண்ணை, திரும்பச் செய்யுங்கோ” என்பார். கடைசியில் ஒருநாள், கணவரின் அடுத்த ஆண்டு நினைவுப் பூசைக்கு அந்தப் பக்கத்தில் தன் கையாலேயே பதிந்தார். “ஓம், இப்ப சரி” என்று சிரித்தார்.

பாராட்டுகள் வருகின்றன. பக்கத்தை என்னால் திருத்த முடிந்தது. கணவரின் பெயர் வாசிக்கப்பட்ட அந்தக் காலையில் அவர் அங்கே இல்லாமல் போனதை எந்தக் காலத்திலும் திருத்த முடியாது.