விக்கிரவாண்டி தாண்டியதும் எரிந்த விளக்கு

எங்கள் முதல் குழந்தையை இழந்தது திண்டிவனத்தில், வாடகைக் காருக்காகக் காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில். என் மனைவி மறுபடி கருவுற்றபோது பாண்டிச்சேரி டாக்டர் ஒன்றைத்தான் சொன்னார்: வலி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அவள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதற்காகவே ஒரு பழைய காரை வாங்கினேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் விழுப்புரத்தில் நிருபர். வளைகாப்பு முடிந்து அவள் திண்டிவனத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ஒன்பதாம் மாதம் லீவு போட்டுக் காரோடு அங்கேயே தங்குவதாக ஏற்பாடு.

எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிறு அவளைப் பார்க்கப் போகும்போது, விக்கிரவாண்டி தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் பிரஷர் விளக்கு. என்ஜினுக்குள் எண்ணெய் ஏறவில்லை என்று அதற்குப் பொருள். உடனே நிறுத்தாவிட்டால் என்ஜின் இறுகிவிடும். நிறுத்தி, அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் குறையவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் விளக்கு இல்லை. கூட்டேரிப்பட்டில் மறுபடி எரிந்தது.

விழுப்புரத்து மெக்கானிக் முதலில் ஆயிலை மாற்றினார். அடுத்த வாரம் விளக்குக்கான சுவிட்சையே மாற்றினார். ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது அது ஒருநாளும் எரிந்ததில்லை. எரிந்த இடங்களைக் குறிப்பு நோட்டில் எழுதிவைத்தேன். ஒன்பது முறை. எல்லாமே சாலை குண்டும் குழியுமான இடங்கள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாண்டிச்சேரி சாலையில் நான்கு முறை நின்றால் நாற்பது நிமிடம் போய்விடும் என்பது மட்டும் தெரிந்தது.

லீவில் போன மறுநாள் திண்டிவனத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். என் வயதுதான் இருக்கும். மீட்டர் பொருத்தி அளந்தார்; பிரஷர் சரியாக இருந்தது. பிறகு என்ஜினை ஓடவிட்டு, வண்டியைக் கையால் குலுக்கினார். விளக்கு மின்னியது.

"சார், இந்தத் தகடு யாரு கட்னது?"

குனிந்து பார்த்தேன். சுவிட்சை ஒட்டிப் போகும் குழாயில் கட்டைவிரல் அகலச் செப்புத் தகடு ஒன்று கம்பியால் கட்டப்பட்டிருந்தது. குங்குமம் எண்ணெயில் கறுத்திருந்தது.

"என் மாமியாரா இருக்கும். அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் வந்தாங்க."

"வண்டி ஆடச்சொல்ல இது சுவிட்ச் முனை மேல பட்டு, செம்பு வழியா கரண்டு தாவுது. அதான் லைட்டு எரியுது. என்ஜின்ல ஒரு பேஜாரும் இல்ல."

"சுவிட்ச் மாத்தினவர் இதைப் பார்த்திருப்பாரே?"

"பாக்காம? கண்ல ஒத்திக்கினு இருந்த எடத்துலயே வுட்டுட்டு இருப்பாரு."

"கழட்டிடுங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நானா? ஆத்தா தகடு சார். எங்க வூட்லயும் மாசமாத்தான் கீறாங்க. கட்னவங்களையே கூப்ட்டுகினு வாங்க."

இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் என் கையும் அதனிடம் போகவில்லை.

வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தேன். மாமியார் திறந்த பானெட்டுக்குள் குனிந்து தகட்டைப் பார்த்தார். "காவலுக்குக் கட்னேன் மாப்ள. என்ஜின் ஒடம்புல படணும்னுதான் அங்க கட்னேன். அவுத்துட்டு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா?"

"வேற எடத்துல கட்டிடலாமே?"

"அவுத்தா அவுத்ததுதான். மறுபடி அமாவாசைக்குப் போயி மந்திரிச்சிக்கினு வரணும்."

அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது. கதவருகே வயிற்றைத் தாங்கி நின்றிருந்த என் மனைவி சொன்னாள்: "போன தபா எனக்குக் காவல் இல்லாம இல்லம்மா. கார்தான் இல்ல. அவுத்துடும்மா."

மாமியார் அவிழ்த்தார். அவிழ்க்கும்போது அழுதார்.

ஆறாம் நாள் பிற்பகல் இரண்டு பத்துக்கு வலி வந்தது. பின் இருக்கையில் மாமியார் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஊர் எல்லை தாண்டியதிலிருந்து என் கண் விளக்கின் மேலேயே இருந்தது. அது எரியவில்லை. கிளியனூர் அருகே குழிகளில் வண்டி தூக்கிப் போட்டது, அப்போதும் எரியவில்லை. பல்பு போய்விட்டதோ என்று தோன்றியது அங்கேதான். நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சாவியைத் திருப்பினால் தெரிந்துவிடும்; பல்பு நன்றாக இருந்தால் என்ஜின் கிளம்பும்வரை எரியும். அணைத்த என்ஜின் திரும்பக் கிளம்பாவிட்டால்? அதுவரை எரிகிற விளக்குக்குத்தான் பயந்திருந்தேன். இப்போது எரியாததற்குப் பயந்தேன்.

"எரியுதா மாப்ள?"

"இல்லைங்க."

ஒரு மைல் போயிருக்க மாட்டோம். "இப்ப?"

"இல்லைங்க."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் என் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு. "ரெண்டு பேரும் அந்த லைட்டையே கட்டிக்கினு அழுவுறீங்க."

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வாசல். ஐம்பது நிமிடம். ஸ்ட்ரெச்சர் உள்ளே போயிற்று, கதவு சாத்தப்பட்டது. மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவரும் நானும் அந்தத் தகட்டைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசாமலே இருந்திருப்போம் என்று நினைக்கிறேன்.

நாலே காலுக்குக் குழந்தையின் அழுகை கேட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து, பெண் என்றாள். தாயும் நன்றாக இருக்கிறாள் என்றாள். எழுந்து, மாமியாருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். இருவரும் ஒன்றாக உள்ளே போனோம்.