கழிக்கு மருந்து ஊற்றியது

எங்கள் விருத்தாசலம் பக்கத்தில் பயிருக்கு அடிக்கும் விஷத்தை யாரும் விஷம் என்று சொல்வதில்லை, மருந்து என்பார்கள். "அப்பா கத்திரிக்கு மருந்தடிக்கப் போயிருக்காங்க" என்று சொல்லித்தான் நானும் வளர்ந்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பிழைப்புக்காக நாலைந்து மாநிலம் சுற்றியாயிற்று. மருந்து என்ற அந்த வார்த்தையைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வருகிறது.

நான் மூன்றாவது படித்தபோது அத்தை மகனுக்கு நாலு வயது. பத்து நாளாக வயிற்றுப்போக்கு, எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான் என்று அத்தை போனில் அழுதாள். பீங்கான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குப் போனார்.

அத்தை வீட்டுக்குப் பின்னால், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில், கடல்நீர் ஏறி இறங்கும் கழி. ஊர்ச் சாக்கடை முழுக்க அதில்தான் விழுந்தது. தண்ணீரில் கிருமி இருக்கிறது, பிள்ளையை இறக்காதே என்று நர்சம்மா சொல்லியிருந்தார்களாம். அவனோ கொஞ்சம் தெம்பு வந்தால் அங்கேதான் ஓடுவான். மாத்திரை கொடுப்பதும் துரத்திப் பிடிப்பதுமாக அத்தை சலித்துப் போயிருந்தாள்.

"இன்னொரு தரம் புடுங்கிக்கிச்சின்னா புள்ள தாங்காதுடா தம்பி" என்றாள் அப்பாவிடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. செடியில் புழு விழுந்தால் மருந்து அடிக்கிறோம். தண்ணீரில் கிருமி விழுந்தால் மட்டும் வேறென்ன செய்வது? இத்தனை பெரியவர்களுக்கும் இது தோன்றவில்லையே என்று கோபம்கூட வந்தது. கத்திரிக்கு அடிக்க வழியில் வாங்கிய மருந்து பாட்டில் அப்பாவின் மஞ்சள் பையில் இருந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்துப் போய், அவன் விளையாடும் கரையோரத்தில் முழுவதையும் கவிழ்த்தேன். தண்ணீர் பால்போல் வெளுத்தது. சற்று நேரத்தில் பொடிமீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. என் பின்னாலேயே வந்திருந்த பயல் குதூகலமாக இறங்கி அவற்றைச் சட்டையில் அள்ளினான்.

அத்தை போட்ட கூச்சலில் தெருவே கூடியது.

"எம்புள்ளய சாவடிக்கப் பாத்தியாடி, மூதேவி!"

"இல்ல அத்த, கிருமி சாவட்டும்னுதான் மருந்து ஊத்துனேன்."

"மருந்தாம் மருந்து! டேய் தம்பி, இந்த டாக்டரம்மாள எங்கடா புடிச்ச?"

அப்பா அவனைக் குழாயடிக்குத் தூக்கிப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தார். அவன் மீனுக்காக அழுதான். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்வரை அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் அப்பா என் முதுகில் நாலு வைத்தார்.

"தண்ணியில போயி யாராவது மருந்தக் கொட்டுவாங்களா? மனுசங்க பொழங்குற எடம்!"

மறுவாரம் கத்திரிக்கு அடித்து முடித்ததும், அப்பா ஸ்பிரேயரை வழக்கம்போல வெள்ளாற்றில் அமுக்கிக் கழுவினார். பக்கத்து வயல்காரரும் கழுவினார். வெள்ளை நுரை கிழக்கே பார்த்து நகர்ந்தது. காலி பாட்டில்களை நான்தான் அலசிக் கொடுத்தேன். அத்தை ஊருக்கு பஸ்ஸிலேயே இரண்டரை மணி நேரம் ஆகும். நல்லவேளை, நம் ஆறு அவ்வளவு தூரமெல்லாம் போகாது என்று நினைத்துக்கொண்டேன்.