மூன்று பேருக்கு மேல் திறக்காது

அன்று பின்னேரம் நூலகத்தில் இருந்தவர்களை இப்போதும் சொல்வேன். கவுண்டரில் நான். சன்னலோரக் கணினியில் தாடி வைத்த விரிவுரையாளர். அடுத்த கணினியில் தாதியர் படிப்புப் பெடியன். மூலையில் பேப்பர் பார்க்கும் ஓய்வுபெற்ற சிங்கள டாக்டர். அவர் கணினியைத் தொடுவதே இல்லை. என் முன்னால் நின்றபடி ஒரு மாணவி. வேறு ஒருவரும் இல்லை.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து, வெள்ளவத்தையில் இந்தக் கல்வி நிறுவனத்தின் நூலகத்தைத் திறப்பேன். புத்தகம் அடுக்கத்தான் எடுத்தார்கள். பிறகு கவுண்டரிலும் இருத்தினார்கள். ஆய்வுச் சஞ்சிகைகள் இப்போது தாளில் வருவதில்லை, கணினிக்குள்தான். அவற்றுக்கு இரண்டு சட்டம். நூலகத்துக்குள் இருந்துதான் திறக்கலாம். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் திறக்காது. வருகிறவர்கள் கோபப்படுவார்கள். நான் ஆட்டோவைச் சொல்லி விளங்கப்படுத்துவேன். பின் சீட்டில் மூன்று பேர். நாலாவது ஆள், ஒருவர் இறங்கும் வரை றோட்டில் நிற்க வேண்டும்.

திருப்பி அனுப்பினால் கொப்பியில் கையெழுத்து வாங்குவேன். மூன்று இடத்தை இன்னும் கூட்டிக் கேட்க உதவும் என்று நூலகர் சொல்லியிருந்தார்.

அந்த மாணவிக்கு ஆய்வேடு ஒப்படைக்கக் கடைசி நாள். பரிசோதகர் ஒரு கட்டுரையைப் படித்து, அதற்குப் பதில் எழுதிச் சேர்க்கச் சொல்லியிருந்தார். நாலு மணிக்குக் கீழே அலுவலகம் பூட்டும். தவறினால் அடுத்த வருடம். அப்போது மணி மூன்று. காலியாக இருந்த மூன்றாவது கணினியில் தட்டிப் பார்த்து, 'மூன்று பேர் உள்ளே' என்று திரையில் வந்ததால் என்னிடம் வந்தாள்.

"உள்ளுக்கு மூணு பேர் இருக்காங்க மிஸ். ஆட்டோ நிறைஞ்சிருக்கு, கொஞ்சம் பொறுங்க."

"அண்ணை, மீட்டர் ஓடுது எண்டும் சொல்லுங்கோ" என்றான் பெடியன், திரும்பாமலே.

அவள் சிரிக்கவில்லை. சுற்றிப் பார்த்தாள்.

"கொம்பியூட்டரில ரெண்டு பேர்தானே இருக்கினம் அண்ணை."

"மத்தவர் வெளியில இருக்கலாம் மிஸ்."

"வெளியில திறக்காது எண்டு போன கிழமை நீங்கள்தானே சொன்னனீங்கள். அதுக்குத்தானே பஸ் ஏறி வந்தனான்."

நான் கணினிகளை விரலால் எண்ணினேன்.

"அப்ப ஆட்டோவில மூண்டாவது ஆள் ஆர்?" என்றாள்.

டாக்டர் பேப்பரைத் தாழ்த்தினார். "மல்லி, ஒங்கட மெசின்?" என்று, தம்பி என்பதைச் சிங்களத்தில் சொல்லி, எனக்குப் பின்னால் காட்டினார்.

அங்கே ஒரு பழைய கணினி. சஞ்சிகை வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். திறப்பேன். வேலை செய்யும். கரன்ட் வீணாகாமல் திரையை அணைப்பேன். இருட்டாகும். மூடியாயிற்று என்று என் வேலையைப் பார்ப்பேன்.

திரையின் பொத்தானை அழுத்தினேன். காலையில் திறந்த பக்கம் அப்படியே இருந்தது.

"இத நான் மூடினேனே" என்றேன்.

"திரையைத்தான் அண்ணை மூடியிருக்கிறியள். உள்ளுக்க நீங்கள் இருக்கிறியள். அது உங்களையும் ஒராளாத்தான் எண்ணும்."

அவளே வந்து பக்கத்தை மூடினாள். மூன்றாவது கணினியில் போய் இருந்தாள். உடனே திறந்தது. விரிவுரையாளர் என்னைப் பார்த்தார். அவரும் கொப்பியில் கையெழுத்து வைத்தவர்தான். பிறகு தன் திரைக்குத் திரும்பிவிட்டார்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்க, அச்செடுத்த தாள்களோடு படியிறங்கி ஓடினாள். பிறகு பையை எடுக்கத் திரும்பி வந்தாள்.

"ஆய்வேட்டை எடுத்திட்டினம் அண்ணை" என்றாள். வாசலில் நின்று, "நாளைக்கு விடிய ஏறினால் இறங்க மறக்காதேங்கோ" என்றாள்.

எல்லோரும் போனார்கள். கடற்கரை ரயில் போனது. நான் விளக்கை அணைக்கவில்லை. இந்தக் கவுண்டருக்கு வந்து மூன்று வருடம். மூன்று இடத்தில் ஒன்று தினமும் என்னிடம் இருந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆட்டோ சொல்லி விளங்கப்படுத்தி அனுப்பியிருக்கிறேன். தலையாட்டிப் போனார்கள்.

கொப்பியை எடுத்தேன். ஒரே பெயர் நாலைந்து இடத்தில் இருந்தது. ஒருத்தி கையெழுத்துக்குப் பக்கத்தில் 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தாள். கையெழுத்துகளை முதல் பக்கத்திலிருந்து எண்ணினேன். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினேன்.

இருநூற்றுப் பதினேழு.